காசின் பின்பக்கத்துப் பெண்

ரோமப் பேரரசன் திபேரியஸின் பொற்காசு ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் அமர்ந்த நிலையில் ஒரு பெண் தெரிகிறாள். ஒரு கையில் செங்கோல், மறு கையில் மரக்கிளை. அமைதித் தெய்வம் பாக்ஸ் என்பர் சிலர். அரசனின் தாய் லிவியாவே அந்தத் தெய்வ வடிவில் இருக்கிறாள் என்பர் வேறு சிலர். சுற்றிலும் உள்ள எழுத்துகளில் இருவர் பெயரும் இல்லை. ‘தலைமைப் பூசாரி’ என்னும் திபேரியஸின் பட்டம்தான் இருக்கிறது. உருவம் பெண்ணுடையது, சமய அதிகாரம் ஆணுடையது.

1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசனின் தலைமேல் உளிவெட்டு. மீண்டும் நாணயமாகச் செல்லாதபடி வெட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அப்படியானால், வெட்டிய கைக்கு அதிகாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரிந்திருக்கிறது. அரசன் முகம் சிதைந்தால் காசு வெறும் பொன்னாகிவிடும். பின்பக்கத் தெய்வத்திடம் செல்லாததாக்க எதுவும் இல்லை.

காசில் பெயரற்றவளாக இருந்தவள், கணக்கு எழுதும்போது மட்டும் குற்றவாளியாகிறாள். இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸை ரோமிடமிருந்து கொண்டுபோகின்றன என்று கணக்கிட்ட பிளினி, அதை ஆடம்பரத்துக்கும் பெண்களுக்கும் கொடுக்கும் விலை என்றார். அதே வணிகச் சரக்கில் கால் பங்கைச் சுங்கமாக எடுத்துக்கொண்டது ரோம அரசு. அந்த வரவைப் பற்றி அவர் புலம்பவில்லை.

நம் பக்கத்தில், பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கப்பலுக்காக அகநானூற்றின் 149ஆம் பாடலை ஓயாமல் மேற்கோள் காட்டுகிறோம். குறுந்தொகையின் 67ஆம் பாடலை இந்த வரலாற்றோடு சேர்த்துப் படிப்பது அரிது. அதைப் பாடியவர் அள்ளூர் நன்முல்லையார், ஒரு பெண். கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழம், பொற்கொல்லர் புது நூலில் கோக்க நகத்தில் பிடித்த பொற்காசுபோல இருக்கிறது என்கிறார். அது ரோமக் காசு என்று நான் வாதிடவில்லை. காசு என்ற சொல்லுக்கு மணி என்ற பொருளும் உண்டு, வேப்பம்பழத்துக்கு அதுவே பொருந்தும். எனக்கு முக்கியம் வேறு: கள்ளிக்காட்டைக் கடந்துபோனவன் தன்னை நினைப்பானா என்று கேட்பவள் அவள். பிளினிக்குப் பெண் ஒரு செலவு. நன்முல்லையாரிடம் அவள் விலை கொடுப்பவள்.

இந்த முரண் பழங்கதை அல்ல. பள்ளிக்கரணை நகைக்கடைகளிலும் லட்சுமி பதித்த காசுகள் விற்கின்றன. அட்சய திருதியை வந்தால் பெண்களின் பொன்னாசை பற்றிய கேலியும் வந்துவிடும். பிறகு கணவனின் தொழிலுக்கோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ பணம் தேவைப்படும்போது, முதலில் அடகுக்குப் போவது அவள் கழுத்தில் இருப்பதுதான். வாங்கும்போது அது அவள் ஆசை, கழற்றும்போது குடும்பத்தின் அவசரம். சீதனம் சட்டப்படி அவளுடைய சொத்து என்பதை அடகு ரசீது எழுதும் நேரத்தில் யாரும் சொல்வதில்லை.