விடையை முந்தி உரைக்கும் செய்முறை: அறிவியல் வகுப்பறைச் செயல்பாடுகளின் மொழிநடை குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கான தமிழ் அறிவியல் நூல்களில் செயல்பாடுகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றை எழுதும் நடை, மாணவர் கண்ணால் காண்பதற்கு முன்பே காட்சியையும் முடிவையும் உரைத்துவிடுகிறது. கவிழ்த்த குவளைக்குள் எரியும் மெழுகுவத்திச் சோதனையைச் சான்றாகக் கொண்டு அந்நடையின் விளைவை இக்கட்டுரை ஆராய்கிறது. நன்னூல் கூறும் வினா வகைகளும், ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தின் பாடநூல் அமைப்பும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறிவியல் கல்வி, செயல்பாடு, உற்றுநோக்கல், வினா வகைகள், அறிவியல் தமிழ்நடை

முன்னுரை

அறிவியலைச் செய்து கற்க வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. யுனெஸ்கோ நிறுவனம் 1956இல் வெளியிட்ட அறிவியல் ஆசிரியர்களுக்கான மூலநூல், எளிய பொருள்களைக் கொண்டே ஆய்வகம் அமைக்கலாம் என்பதை உலகெங்கும் பரப்பியது. தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. செயல்பாடு வேண்டுமா என்னும் வினா இவ்வாறு தீர்ந்துவிட்டது. செயல்பாடு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதோ போதிய கவனம் பெறவில்லை. ஒரு சோதனை சோதனையாக நிற்பதும் வெறும் சடங்காகச் சுருங்குவதும் அதன் வாக்கிய அமைப்பைப் பெரிதும் சார்ந்துள்ளன என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

செய்முறை உரையின் வாக்கிய அமைப்பு

தமிழில் செயல்பாடுகள் பெரும்பாலும் மூன்று படிகளில் எழுதப்படுகின்றன. முதற்படியில் ‘வைக்கவும்’, ‘ஊற்றவும்’, ‘மூடவும்’ என்னும் ஏவல் பொருளிலான வினைகள் வருகின்றன. இரண்டாம் படியில் ‘நீர் மேலேறுவதைக் காணலாம்’ என்பது போன்ற வாக்கியம் அமைகிறது. மூன்றாம் படி ‘இதிலிருந்து அறிகிறோம்’ என்று முடிகிறது.

இவற்றுள் இரண்டாம் படி நுட்பமாக நோக்கத்தக்கது. ‘மேலேறுவதை’ என்னும் தொழிற்பெயர் நீர் மேலேறுதலை முடிந்த உண்மையாகக் கொள்கிறது. ‘காணலாம்’ என்பது அவ்வுண்மையைப் பார்ப்பதற்கான இசைவை மட்டுமே தருகிறது. நீர் ஏறுமா, எப்போது ஏறும், எவ்வளவு ஏறும் என்பவற்றுக்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை. மூன்றாம் படியிலுள்ள ‘அறிகிறோம்’ என்பது முன்னிலையாரையும் உட்கொள்ளும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. இன்னும் எதையும் காணாத மாணவர், நூலாசிரியர் எட்டிய முடிவுக்கு உடன்பட்டவராக அதனுள் சேர்க்கப்படுகிறார்.

மெழுகுவத்திச் சோதனை

நீருள்ள தட்டில் எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால், சுடர் அணைந்து குவளைக்குள் நீர் ஏறும். இது புதிய சோதனையன்று, கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பைசாந்தியத்துப் பிலோ இதனைப் பதிவு செய்துள்ளார். எரிதலில் ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துவிடுகிறது, அந்த இடத்தை நீர் நிரப்புகிறது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பது இதனால் புலனாகிறது என்ற விளக்கம் வகுப்பறைகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது.

இவ்விளக்கம் பிழையானது. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. காற்றில் 21 விழுக்காடாக உள்ள ஆக்சிஜன் ஏறத்தாழ 16 விழுக்காடாகக் குறையும்போதே மெழுகுவத்தி எரிய இயலாமற் போகிறது. மேலும், எரிதலில் ஆக்சிஜன் மறையும்போது வேறு வாயு தோன்றுகிறது. 25 கார்பன் அணுக்கள் கொண்ட மெழுகு மூலக்கூறு ஒன்று எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். எரிந்தபின் 25 கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளும் 26 நீர் மூலக்கூறுகளும் உண்டாகின்றன. நீராவி முற்றிலும் குளிர்ந்து நீராகிவிட்டதாகக் கொண்டாலும், செலவான ஆக்சிஜனின் கனஅளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே குறைகிறது. நீர் ஏறுவதற்கு முதன்மைக் காரணம், சுடரின் வெப்பத்தால் விரிந்திருந்த காற்று சுடர் அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவதே ஆகும்.

இப்பிழையை வெளிப்படுத்தும் சான்றுகள் மாணவரின் கண்முன்னேயே உள்ளன. ஆக்சிஜன் தீர்வதே காரணமாயின் மெழுகுவத்தி எரியும் காலம் முழுவதும் நீர் சீராக ஏற வேண்டும். நீரின் பெரும்பகுதியோ சுடர் அணையும் தறுவாயிலும் அணைந்தபின்னுமே விரைந்து ஏறுகிறது. குவளையைக் கவிழ்க்கும்போது சில வேளைகளில் விளிம்பு வழியே குமிழிகள் வெளியேறுகின்றன. ஒரு மெழுகுவத்திக்கு மாறாக மூன்றை வைத்தால் நீர் இன்னும் உயரமாக ஏறுகிறது. குவளைக்குள் இருக்கும் ஆக்சிஜனோ கூடவில்லை. இவை அனைத்தையும் ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர் கருவியின்றிக் காண இயலும். ஆனால் ‘ஐந்தில் ஒரு பங்கு ஏறுவதைக் காணலாம்’ என்று படித்தவர் நீரின் இறுதி மட்டத்தை மட்டுமே நோக்குவார். மட்டம் வேறாக இருப்பின் தம் கை பிழைத்தது என்று கருதி நூலில் உள்ளதையே குறிப்பேட்டில் எழுதுவார். கண்டதை விடுத்து எதிர்பார்க்கப்பட்டதை எழுதும் பழக்கம் இங்கே தொடங்குகிறது. அறிவியல் கல்விக்கு இதனினும் பெரிய இழப்பு இல்லை.

அறிவினாவும் அறியா வினாவும்

நன்னூல் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என அறுவகைப்படுத்துகிறது. விடை அறிந்த ஆசிரியர் மாணவரிடம் வினவுவது அறிவினா. அறியாதவர் அறியும்பொருட்டு வினவுவது அறியா வினா. இதுவோ அதுவோ எனத் தடுமாறி வினவுவது ஐய வினா. பாடநூல் வினாக்கள் பெரும்பாலும் அறிவினாக்களே. தேர்வு நோக்கில் அவை இயல்பானவை. ஆனால் சோதனை பிறப்பது ஐய வினாவிலிருந்தும் அறியா வினாவிலிருந்தும் ஆகும். ‘நீர் ஏறியது ஆக்சிஜன் குறைந்ததாலா, காற்று குளிர்ந்ததாலா?’ என்பது ஐய வினா. மூன்று மெழுகுவத்திகளை வைத்துப் பார்க்கும் தேவை இவ்வினா எழுந்தால்தான் உண்டாகும். விடையை முந்தி உரைக்கும் நடை இவ்விரு வினாக்களுக்கும் இடம் தருவதில்லை.

ஹோஷங்காபாத் திட்டத்தின் மாற்று

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டத்தின் அனைத்து நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்த அறிவியல் கற்பித்தல் திட்டம் இதற்கு மாற்றாக அமைந்தது. அதன் பாடநூலாகிய ‘பால் வைக்யானிக்’ சோதனைகளையும் வினாக்களையும் தந்து விடைகளைத் தரவில்லை. மாணவர் குழுவாகச் செய்து, கண்டதைத் தம் குறிப்பேட்டில் எழுதினர். வகுப்பில் குழுக்களின் முடிவுகள் ஒப்பிடப்பட்டன. தேர்வும் நூலைத் திறந்துவைத்து எழுதும் தேர்வாகவும் செய்முறைத் தேர்வாகவும் அமைந்தது. பாடநூலின் நடையை மாற்றியவர்கள் தேர்வையும் மாற்றினர் என்பது குறிப்பிடத்தக்கது. மனப்பாட விடையைக் கேட்கும் தேர்வு நீடிக்கும்வரை விடையில்லாப் பாடநூல் நிலைக்காது. இத்திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்தியது.

எல்லைகளும் மறுப்புகளும்

விடையை மறைத்தல் எல்லா இடத்தும் பொருந்தாது. அடர் அமிலத்தை நீர்க்கச் செய்தல் போன்றவற்றில் நிகழவிருப்பதை முன்னரே உரைத்தல் பாதுகாப்பின்பாற்பட்டது. அணு, மூலக்கூறு முதலிய காட்சிக்கு அப்பாற்பட்ட கருத்துகளை மாணவர் சோதனையால் மட்டும் கண்டடைய இயலாது. அவற்றை ஆசிரியரே விளக்க வேண்டும். மாணவர் மிகுந்த வகுப்பில், குறுகிய பாடவேளையில், முடிவை முன்கூட்டியே தருவது காலத்தை மிச்சப்படுத்தும் என்பதும் உண்மை. ஆயினும் இவை யாவும் விளக்கத்தை எப்போது தருவது என்பது பற்றியனவே. உற்றுநோக்கலுக்குப் பின் விளக்கம் வருதலில் இழப்பொன்றும் இல்லை.

மெழுகுவத்திச் சோதனையை நூலிலிருந்து நீக்கவும் வேண்டியதில்லை. ‘நீர் எப்போது விரைந்து ஏறியது?’, ‘மெழுகுவத்திகளைக் கூட்டினால் மட்டம் மாறுகிறதா?’ என்னும் வினாக்களோடு அதனைத் திருத்தி எழுதலாம். ஆக்சிஜனின் அளவை அறிய, ஈரமான இரும்புத் துகள்கள் உட்புறம் ஒட்டிய சோதனைக் குழாயை நீரில் கவிழ்த்துச் சில நாள் வைக்கும் சோதனையை அதன் அருகில் அமைக்கலாம். துருப்பிடித்தல் ஆக்சிஜனைக் கவர்ந்தும் வேறு வாயுவை உண்டாக்காமையால், நீர் மெல்ல ஏறி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் நிற்கும். இவ்விரு சோதனைகளையும் ஒப்பிடும் மாணவர், ஒத்த காட்சிக்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதை உணர்வார்.

முடிவுரை

செயல்பாட்டு உரையை எழுதுவோர் பாடப்பொருளோடு வினைமுற்றுகளிலும் கருத்துச் செலுத்த வேண்டியுள்ளது. ‘காணலாம்’ என்பதன் இடத்தில் ‘என்ன கண்டீர்கள்?’ என்பதும், ‘அறிகிறோம்’ என்பதன் இடத்தில் ‘இதற்கு வேறு காரணம் இருக்குமா?’ என்பதும் வருதல் சிறு மாற்றமே. அம்மாற்றம் மாணவர் கண்டதற்குக் குறிப்பேட்டில் இடம் தரும். அவ்வாறு எழுதப்பட்ட உரையே, நூலின் பிழையையும் மாணவர் கண்டறிவதற்கு வழிவிடும்.