பச்சை உடம்பும் பத்துப் பருவமும்

எம்.ஏ. படித்தபோது பிள்ளைத்தமிழைப் பத்துப் பருவமாகத்தான் படித்தேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று வரிசை மாறாமல் எழுதினால் மதிப்பெண். கடைசி மூன்று பருவம் ஆண்பாலுக்கு வேறு, பெண்பாலுக்கு வேறு என்று சேர்த்தால் இன்னும் இரண்டு மதிப்பெண். பாட்டியல் இலக்கணம் இந்தப் பருவங்களை 3ஆம் மாதத்தில் தொடங்கி 21ஆம் மாதம்வரை ஒற்றைப்படை மாதங்களில் வைக்கிறது. 3ஆம் மாதத்துக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் தோன்றவில்லை. பிள்ளை பெற்று நாற்பதாம் நாள், ராத்திரி மூன்று மணிக்குத்தான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது.

அந்த ராத்திரியைச் சொல்லாமல் மேலே போனால் இது இன்னொரு ஆய்வேட்டு இயலாகிவிடும். குழந்தை சாயங்காலம் ஏழு மணியிலிருந்து அழுகிறது. பால் கொடுத்தால் துப்புகிறது, தோளில் போட்டால் வீறிடுகிறது. தையல் போட்ட இடம் இன்னும் சுருக்கென்று குத்துகிறது. காலையில் வேலைக்குப் போகணும் என்று வீட்டுக்காரர் கூடத்தில் படுத்துவிட்டார். எனக்குள் வந்தது அழுகை இல்லை, கோபம். மாமியார் மேலோ கணவர் மேலோ என்று நாகரிகமாகச் சொல்லலாம். உண்மையில் குழந்தையின் மேல்தான். இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தேன். பிடி இறுகுவது எனக்கே தெரிந்தது. 'வாயை மூடு' என்று நான் கத்தின சத்தம் யாரோ கத்தினதுபோலக் கேட்டது.

பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று சொன்னாள்: "கொயந்தய பாயில போட்டுட்டு வெளிய வாம்மா. அழுதா ஒண்ணும் ஆயிடாது. உங் கையில இருந்தாத்தான் பயம்." போட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். மலை கறுப்பாக நின்றது. அவள் எனக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. "பச்ச ஒடம்புக்காரிக்குக் கோவம் வராம இன்னா வரும்?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் உள்ளே போய் அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

இந்தக் கேள்வியைத் தமிழ் இலக்கியத்தில் யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடிய கதைதான் மீதி.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வெகுளியை வைக்கிறார். அது பிறக்க நான்கு காரணம் சொல்கிறார்: உறுப்பை அறுத்தல், தன்கீழ் வாழ்வோரை நலித்தல், அலைத்தல், கொல்லுதல். இதைப் படித்த யாருக்கும் மனசில் வருவது போர்க்களமும் பகைவனும்தான். வெகுளி ஆண்மையின் சொத்தாக, வீரத்தின் பக்கத்து வீடாகவே வகுப்பறையில் வாழ்கிறது. ஆனால் பிள்ளை பெற்றவள் இந்தப் பட்டியலைப் படித்துப் பார்க்கட்டும். உடம்பை அறுத்துத் தைத்திருக்கிறார்கள். பிரசவ அறையில் வலியில் கத்தினதற்குத் தொடையில் அடித்து, காது கொடுத்துக் கேட்க முடியாத வசவு வைதிருக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தால் சோறு, தூக்கம், குளியல் எல்லாமே இன்னொருவர் அனுமதியில். நாலில் மூன்று காரணம் நமக்குப் பொருந்துகிறது. இலக்கணம் கோபத்துக்கு இடம் வைத்திருக்கிறது. அதில் யார் உட்காரலாம் என்பதை வாசிப்புதான் தீர்மானித்திருக்கிறது.

பெரியாழ்வாரை மறுபடி எடுத்தேன். 9ஆம் நூற்றாண்டு ஆண் ஒருவர் யசோதையாகிப் பேசுகிற பிரதி. தொட்டிலில் கிடத்தினாலும் உதை, இடுப்பில் எடுத்தாலும் வலி, மார்போடு அணைத்தாலும் வயிற்றில் பாய்ச்சல், தாங்கும் வலு இல்லாமல் இளைத்துப் போனேன் என்று அக்கம்பக்கத்துப் பெண்ணிடம் முறையிடுகிற பொருளில் ஒரு பாசுரம் முதல் திருமொழியிலேயே இருக்கிறது. கல்லூரியில் இதைக் கண்ணனின் வலிமைக்குச் சான்றாக எழுதினேன். இப்போது படித்தால், கூடவே அது அசல் புகார். ஆனால் புகார் மெலிவோடு நின்றுவிடுகிறது, கோபத்துக்குள் போகவில்லை. இளைத்த தாயைப் பக்தி தாங்கும், சினந்த தாயைக் கொஞ்சம்தான் தாங்கும். வெண்ணெய் திருடிய பிள்ளையை உரலில் கட்டலாம், ஏனென்றால் அவன் குற்றம் செய்துவிட்டான். ஒரு குற்றமும் செய்யாத நாற்பது நாள் சிசுவின் மேல் வருகிற கோபத்துக்குக் கதை இல்லை. தகப்பனுக்கு இந்தத் தடை கிடையாது. பெரியபுராணத்தில் சம்பந்தரின் வாயில் பாலைப் பார்த்ததும் தகப்பனார் கோலை ஓங்குகிறார். யாரும் அவரைப் பேய் பிடித்தவர் என்று சொல்லவில்லை.

அப்படியானால் அந்தக் கோபம் எங்கே போனது? அம்புலிப் பருவத்துக்குப் போனது என்பது என் வாசிப்பு. நிலாவைக் குழந்தையோடு விளையாடக் கூப்பிடுகிற பருவம் அது. சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயத்தாலும் கூப்பிட வேண்டும் என்பது மரபு. நீயும் இதுவும் ஒன்று, இல்லை நீ இதற்கு இணையில்லை, வந்தால் இன்ன நன்மை, வராவிட்டால் தொலைந்தாய். அந்த நாலாவது உபாயத்தில் நிலாவுக்கு விழுகிற மிரட்டலைப் பாருங்கள்: ராகு விழுங்குவான், தக்கன் வேள்வியில் வீரபத்திரன் காலால் தேய்த்தது மறந்துபோச்சா என்கிற ரகம். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறவளின் ஆத்திரம் முழுக்க வானத்தில் கிடக்கும் ஒன்றின் மேல் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. புலவர்கள் அம்புலியைப் புலி என்று பயந்தார்கள். பாடக் கஷ்டம் என்பது அவர்கள் கணக்கு.

நாட்டுப்புறத் தாலாட்டு இன்னும் சாமர்த்தியம். யார் அடித்து அழுகிறாய் என்று குழந்தையை விசாரிக்கிற பாட்டு தமிழ்நாடு முழுக்க உண்டு. அத்தை, மாமன், பாட்டி என்று சந்தேக நபர்கள் வரிசையாக வருகிறார்கள். ஆயுதம் பெரும்பாலும் பூச்செண்டு. நான் கேட்டவற்றில் அந்த வரிசையில் இல்லாத ஒரே ஆள் பாடுகிறவள். ராத்திரி முழுக்கக் குழந்தையோடு தனியாக இருந்தவளும் அவள்தான். 1949இல் வெளியான ஒரு கட்டுரையில் டி. டபிள்யூ. வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாளரும்கூட, தாய் தன் சிசுவைத் தொடக்கத்திலிருந்தே வெறுக்கவும் செய்கிறாள் என்று சொல்லிக் காரணங்களைப் பட்டியலிட்டார். தொட்டில் கீழே விழுகிற ஆங்கிலத் தாலாட்டை அதற்குச் சாட்சியாகக் கூப்பிட்டார். வெறுப்பை உணர்ந்தும் அதைக் குழந்தையின் மேல் காட்டாமல் இருக்கிற திறனைத்தான் அவர் வியந்தார். நம் ஆராய்ச்சியாளர்கள் தாலாட்டை மூட்டை மூட்டையாகச் சேகரித்தார்கள். தாய்ப்பாசம், உறவுமுறை, தாய்மாமன் சீர் எல்லாம் எழுதினார்கள்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். திருவண்ணாமலையின் பிள்ளைக் கதை வள்ளாள மகாராஜன் கதை. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வருவது. ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளனோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். கோயிலுக்குள் அவன் பேரில் கோபுரமே இருக்கிறது. பிள்ளை இல்லாத மன்னனிடம் சிவன் அடியாராக வந்து பெண் கேட்கிறார். ஊரில் தாசியர் யாரும் கிடைக்காதபடி அவரே செய்துவிட்டார். கொடுத்த வாக்குக்காக இளைய ராணி சல்லமா தேவி தானே போகிறாள். தொட்டதும் அடியார் குழந்தையாகிறார். மன்னன் ஓடிவந்து அள்ளுவதற்குள் குழந்தை மறைகிறது. மகனில்லாக் குறைக்கு நானே காரியம் செய்வேன் என்று வாக்கு. அதனால் இன்றைக்கும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் மன்னனுக்குத் திதி கொடுக்கிறார்.

அந்த ராணியின் உடம்பைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு நொடி அது விருந்தாளிக்குக் கொடுக்கிற பொருள், அடுத்த நொடி தாய். நடுவில் பத்து மாதம் இல்லை, வலி இல்லை, தீட்டு இல்லை, பால் கட்டுதல் இல்லை. குழந்தை அழுவதற்கே நேரம் இல்லாமல் மறைந்துவிடுகிறது. இதைவிடச் சௌகரியமான குழந்தை உண்டா? மகன் திதி கொடுப்பது தகப்பனுக்கு. சல்லமா தேவி அந்த அறையிலேயே நின்றுவிட்டாள். இதே ஊரில்தான் அம்மைக்கு இடப்பாகம் கிடைத்தது. கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் வெளியே வந்து உள்ளே போய்விடுகிறார். பாதி உடம்பு கொடுத்தவர் பாதி ராத்திரி கொடுத்தாரா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு வழி?

'தாய்மை ஒரு கட்டமைப்பு' என்று தோழர்கள் மேடையில் சொன்னபோது கைதட்டியவள் நான். கட்டமைப்பு ராத்திரி மூன்று மணிக்கு வீறிட்டு அழாது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்த மூன்று மணிக்கு யார் எழுந்திருப்பது என்பது கட்டமைப்புதான். வேலூர் பஸ்ஸில் போகிறபோது வருகிற கணியம்பாடி ஒன்றியத்தில் மருத்துவர்கள் கர்ப்பிணிகளைச் சந்தித்து, பிரசவத்துக்குப் பிறகும் போய்ப் பார்த்து நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வில் விழுந்தவர்கள் 100க்கு 11 பேர். அதோடு சேர்ந்து வந்தவையாக அவர்கள் கண்டது வருமானக் குறைவு, ஆண் பிள்ளை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிள்ளை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைவேலைக்கு உதவி ஆள் இல்லாமை. 'காத்து கருப்பு' என்று வேப்பிலை அடித்து முடிக்கிற சமாச்சாரம் இல்லை இது. வீட்டுக் கணக்கு.

ஆனாலும் மருத்துவச் சொல்லாடல் மேலேயும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பிள்ளை பெற்றவளின் மனதை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுவது 1987இல் வந்த எடின்பரோ அளவுகோல், பத்துக் கேள்வி. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயமா, உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா, எல்லாம் தலைக்கு மேல் போகிறதா, அழுகிறீர்களா, உங்களுக்கே தீங்கு செய்யத் தோன்றுகிறதா. எல்லாம் கேட்க வேண்டியவை. கோபம் வருகிறதா என்ற கேள்வி பத்தில் ஒன்றாகக்கூட இல்லை. அங்கேயும் பத்து, இங்கேயும் பத்து. அட்ரியன் ரிச் 1976இல் தாய்மை பற்றி எழுதிய புத்தகத்தின் முதல் இயலுக்குக் கோபமும் கனிவும் என்று பெயர் வைத்தார். நம்மிடம் பிள்ளை இல்லாதவளின் வலி நாவலாகியிருக்கிறது; 2000க்குப் பிறகு பெண் கவிஞர்கள் உடம்பை எழுதி வசவு வாங்கினார்கள். அந்த நாற்பது நாளை உரைநடையில் வைக்க எனக்கே இத்தனை மாதம் ஆச்சு. எழுதினால் 'பெத்தவளா இவ' என்பார்களே என்ற பயம்தான், வேறென்ன.

மாமியார் எனக்குப் பிள்ளை பிறக்கக் கரும்புத் தொட்டில் வேண்டியிருந்தார். தீபத் திருவிழாத் தேரன்று, கரும்பில் சேலையைத் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டு, முன்னால் அவரும் பின்னால் நானுமாகத் தோளில் சுமந்து மாட வீதி சுற்றினோம். பார்ப்பதற்கு அழகுதான், மறுக்கவில்லை. எங்கள் பிள்ளை மேளச் சத்தத்திலும் தூங்கியது. எங்களுக்கு முன்னால் போன தொட்டிலில் குழந்தை ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. கரும்பைத் தாங்கியிருந்த அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். எல்லோரும் 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்றபோது அவள் உதடும் அசைந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது. அவள் சொன்னது அரோகரா இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, நிறுத்தாமல், குழந்தையைத் திட்டிக்கொண்டே நடந்தாள்.