முதியோர் மனச்சோர்வும் மலிவு மாத்திரையும்

"தூக்கமே வரலை, உடம்பெல்லாம் வலி, எதுலயும் பிடிப்பில்லை" என்று எழுபது வயதுக்காரர் டாக்டரிடம் போனால் அமிட்ரிப்டிலின் எழுதிக்கொடுப்பது வெகுநாள் வழக்கம். 1960களிலிருந்து புழங்கும் மருந்து, விலை குறைவு, நரம்பு வலிக்கும் கேட்கும், சீக்கிரமே தூக்கம் வரும். இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை.

மறுபக்கம் நள்ளிரவில் தெரியும். பெரியவர் சிறுநீர் கழிக்க எழுகிறார். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், பிரஷருக்கு இன்னொன்று, அவற்றின்மேல் அமிட்ரிப்டிலினும். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க, சுவரைப் பிடிப்பதற்குள் விழுகிறார். மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் எல்லாம் சேரலாம். பேச்சு தடுமாறினால் வீட்டார் "வயசாயிடுச்சு" என்கிறார்கள், மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. முதியோருக்குத் தவிர்க்கவேண்டியவை என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் சொல்லும் மருந்துகளில் இதுவும் ஒன்று.

விலையைக் காரணம் காட்டுவது இன்று செல்லாது. 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மனச்சோர்வுக்கான இன்னொரு மருந்தான எஸ்சிடாலோபிராம் இருக்கிறது. மக்கள் மருந்தகங்களில் ஜெனரிக்காக மலிவாகவே கிடைக்கிறது. முதியோருக்குப் பெரும்பாலும் இதுவே பாதுகாப்பானது. ஆனாலும் கண்காணிப்பு வேண்டும். ரத்தத்தில் சோடியம் குறையலாம், நீர் மாத்திரை சாப்பிடுவோருக்கு இன்னும் அதிகமாக. அதனாலும் குழப்பம் வரும், விழுவார்கள். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆவதால், "கேட்கலை" என்று பாதியில் நிறுத்துவோரும் உண்டு. ஆகவே சில வாரங்களில் சோடியம் பரிசோதனையும் மறுசந்திப்பும் அவசியம். அந்த ரத்தப் பரிசோதனையும், துணைக்கு ஒருவர் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவதும்தான் ஏழைக் குடும்பத்துக்கு உண்மையான செலவு. மாத்திரையின் விலையை மட்டும் பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மருந்தில்லாத வழியும் உண்டு. கோவாவில் லேசான மனச்சோர்வு அறிகுறிகள் கொண்ட 181 முதியவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மருத்துவர் அல்லாத ஆலோசகர்கள் சிக்கல்களைத் தீர்க்கவும் தூக்கத்தைச் சீராக்கவும் துணைநின்றார்கள். ஓராண்டில் அந்தப் பிரிவில் சுமார் 4 சதவீதத்தினருக்கும், மற்ற பிரிவில் சுமார் 14 சதவீதத்தினருக்கும் முழு மனச்சோர்வு வந்தது. சிறிய ஆய்வுதான், தீவிர மனச்சோர்வில் மருந்துக்குப் பதிலாக இதை வைக்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் 2021 முதல் வீடு தேடி சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர், தூக்கத்தையும் மனநிலையையும் சேர்த்து விசாரிக்கலாமே.

ஏற்கெனவே அமிட்ரிப்டிலின் சாப்பிடுபவர் தானாக நிறுத்திவிடக் கூடாது. படிப்படியாகவே குறைக்க வேண்டும். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.