கம்பைலர் வாசிக்காத வாக்கியங்கள்

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஆங்கில இலக்கணத்தின் மேல் ஒரு தீராத பித்து உண்டு. கம்பெனியை விற்றுவிட்டு ஓய்வில் இருக்கும் ஆள்கூட, காற்புள்ளி எங்கே வரணும் என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார். பித்து என்றாலும் காரணமில்லாமல் இல்லை. வி.ஐ. எடிட்டரில் ஒரு வரியை அழிக்க 'டிடி' என்று அடிக்க வேண்டும். அமெரிக்க வழக்கப்படி முற்றுப்புள்ளியை மேற்கோளுக்குள் போட்டு எழுதினால், வாசிப்பவர் அந்தப் புள்ளியையும் சேர்த்து அடிப்பார். அங்கே புள்ளிக்கு, கடைசிக் கட்டளையைத் திரும்பச் செய் என்று அர்த்தம். இரண்டு வரி காலி.

இந்த மனநிலையின் சிறந்த ஆவணம் டொனால்ட் குனூத் 1987ல் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய கணித எழுத்து வகுப்பின் குறிப்புகள். 1989ல் புத்தகமாக வந்தது. தன் நூல்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் தந்துவந்தவர் குனூத் (பதினறும எண்முறையில் 256 என்பது 100). வாக்கியத்தைக் குறியீட்டில் தொடங்காதே, இரண்டு சூத்திரங்களை ஒட்டி வைக்காமல் நடுவில் சொல் போடு என்பதெல்லாம் வாசகனின் கண்ணை நினைத்துச் சொன்னவை. மறுப்பே கிடையாது.

'விச்', 'தட்' விஷயத்தில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. காற்புள்ளியோ முன்னிடைச்சொல்லோ முன்னால் வராவிட்டால், கேள்வியாகவும் இல்லாவிட்டால், 'விச்' வேண்டாம், 'தட்' போடு என்கிறார். இந்தப் பாகுபாட்டைப் பிரபலமாக்கியது ஃபௌலரின் 1926 நூல். பெரும்பாலானவர்களும் சிறந்த எழுத்தாளர்களும் அப்படி எழுதுவதில்லை என்று ஃபௌலரே ஒப்புக்கொள்கிறார்! வழக்கிலிருந்து எடுத்த விதியல்ல, அழகாக அடுக்கி வைக்கும் ஆசை.

குழப்பம் வராதா? தமிழைப் பாருங்கள். "போன வாரம் விழுந்த சர்வரை மாத்து." பல சர்வர்களில் விழுந்த ஒன்றா, இருக்கிற ஒரே சர்வரைப் பற்றிய கூடுதல் தகவலா? நம் பெயரெச்சம் சொல்வதே இல்லை. ஆனாலும் சரியான சர்வர்தான் மாறுகிறது. ஆங்கிலத்திலோ இந்த வேலையைக் காற்புள்ளி ஏற்கெனவே செய்துவிடுகிறது. பிறகு எதற்கு இரண்டாவது காவலாளி?

காவலாளி சும்மா நின்றால் பரவாயில்லை. ரிவ்யூவில் லாஜிக்கைத் தொடாமல் கமெண்டின் ஆங்கிலத்தை மட்டும் திருத்தும் சீனியர்களை நான் வேலை பார்த்த ஒவ்வொரு டீமிலும் பார்த்திருக்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பையன் அடுத்த மீட்டிங்கில் வாயைத் திறக்க மாட்டான். அவன் கண்டுபிடித்த பக் அவனோடவே இருந்துவிடும்.

குனூத்தை இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய விதியின் தலைப்பிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: 'தட்' காதுக்கு நன்றாகக் கேட்கும் இடத்தில் என்கிறார். அதை ஸ்கிரிப்டாக எழுதி ஓட்டியவர்கள் அந்தக் காதை மட்டும் விட்டுவிட்டார்கள்.