கண்டதும் கருதியதும்

ஓப்பன்ஆபீஸிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அச்சிட முடிவதில்லை என்று தம் மனைவி சொல்வதாக, 2009-இல் ஒரு பயனர் உபுண்டு இயங்குதளத்தின் வழுப் பதிவேட்டில் எழுதினார். முதலில் அவருக்கே நம்பிக்கையில்லை. மனைவி கண்முன்னே செய்து காட்டிய பிறகுதான் நம்பினார். மற்ற மென்பொருள்கள் அச்சிட்டன, ஓப்பன்ஆபீஸ் மட்டும் அச்சிடவில்லை, அதுவும் செவ்வாயன்று மட்டும்.

துப்புத் துலக்கியபோது காரணம் முற்றிலும் வேறோர் இடத்தில் இருந்தது. ஒரு கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுசொல்லும் ‘ஃபைல்’ என்ற சிறு நிரலில், எர்லாங் மொழியின் கோப்புகளை அடையாளம் காணும் விதி ஒன்று தவறாக எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் செவ்வாயைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சுருக்கம் கோப்பின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருந்தாலே போதும், அது எர்லாங் கோப்பு என்று அந்த நிரல் முடிவுகட்டிவிடும். அச்சுக்குப் போகும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பின் தலைப்பகுதியில் அது உருவான நாள் எழுதப்படுகிறது. செவ்வாயன்று அந்த இடத்தில் அந்த மூன்றெழுத்து வந்து விழுந்தது. அச்சுப்பொறிக்குப் போக வேண்டிய கோப்பு போகவில்லை.

கட்டற்ற மென்பொருள் உலகில் வழு அறிக்கை எழுதுவதற்கென்று உருவாகியிருக்கும் மரபை எடைபோட இந்த நிகழ்ச்சியைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது. எந்தக் கையேட்டை வைத்துப் பார்த்தாலும் கிழமையைக் காரணமாகச் சொல்லும் அறிக்கை நகைப்புக்குரியது. ஆனால் அந்தப் பெண்மணி காரணம் எதையும் சொல்லவில்லை. தாம் கண்டதைச் சொன்னார், அது துல்லியமாக இருந்தது. அறிக்கையின் மதிப்பு அதன் வடிவத்தில் இல்லை, அதிலுள்ள அவதானிப்பில் இருக்கிறது என்பதே என் வாதம். இன்றைய மரபு அவதானிப்பைக் காக்கப் பிறந்தது. பல இடங்களில் அது வடிவத்தைக் காக்கும் மரபாகத் தேய்ந்துவிட்டது.

மரபின் அடிப்படை வலுவானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். புட்டி மென்பொருளை எழுதிய சைமன் டாதம் 1999-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு இன்றும் படிக்கப்படுகிறது. கோளாறு நிரலரின் கண்முன்னே நிகழும்படி செய்யுங்கள், அது முடியாவிட்டால் அவர் தம் கணினியில் தாமே நிகழ்த்திப் பார்க்கும் அளவுக்கு விவரம் கொடுங்கள் என்பது அதன் சாரம். நோய்க்குறிகளையும் நம் ஊகத்தையும் கலக்காமல் எழுத வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்துகிறார். கால் நூற்றாண்டு கடந்தும் இதில் திருத்த வேண்டியது அதிகம் இல்லை.

இந்த ஒழுங்கு ஏன் தேவைப்பட்டது? மென்பொருளைப் பயன்படுத்துவோர் லட்சக்கணக்கில், பராமரிப்போர் விரல்விட்டு எண்ணும் அளவில். அவர்களில் பலர் சம்பளமின்றி, வேலை முடிந்து வந்த இரவுகளில் இதைச் செய்கிறார்கள். ‘வேலை செய்யவில்லை’ என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டறிய நான்கு மடல்கள் எழுதினால் அந்த இரவு போயிற்று. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்ற கேள்விகள் அந்த இரவைக் காப்பாற்றப் பிறந்தவை. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் 1994 முதலே மின்னஞ்சல்வழி இயங்கும் வழுப் பதிவேட்டை வைத்திருக்கிறது. அதற்கு அறிக்கை அனுப்ப உதவும் ‘ரிப்போர்ட்பக்’ என்ற கருவி பொதியின் பதிப்பையும் அது சார்ந்திருக்கும் பொதிகளின் பதிப்புகளையும் தானே சேகரித்து இணைத்துவிடுகிறது. இயந்திரத்தால் சொல்லக்கூடியதை இயந்திரமே சொல்லட்டும், மனிதர் தாம் கண்டதைச் சொன்னால் போதும் என்ற இந்த வேலைப் பங்கீடு எல்லாத் திட்டங்களும் பின்பற்றத் தக்கது.

மரபின் ஆகச் சிறந்த கொடை, கோளாறைச் சுருக்கும் பழக்கம். 200 பக்க ஆவணம் திறக்கும்போது மென்பொருள் முடங்குகிறது என்றால் பாதியை வெட்டிவிட்டுத் திறந்து பார்ப்பது. அப்போதும் முடங்கினால் மீண்டும் பாதி. கடைசியில் ஒரே ஓர் அட்டவணையில், ஒரே ஒரு கட்டத்தில் வந்து நிற்கும். அந்தக் கட்டம் மட்டும் உள்ள கோப்பை இணைத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. இதே பாதியாக்கும் முறையைக் காலத்தின் மீதும் செலுத்தலாம். முன்பு சரியாக இருந்து இப்போது கெட்டிருந்தால், எந்த மாற்றத்தில் கெட்டது என்பதை, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் ‘பைசெக்ட்’ கட்டளை கண்டுபிடிக்கிறது. ஆயிரம் மாற்றங்களுக்குள் குற்றவாளி ஒளிந்திருந்தாலும் ஏறத்தாழ 10 சோதனைகளில் பிடிபடும். நிரல் எழுதத் தெரியாதவரும் ஆவணத்தைப் பாதியாக வெட்டலாம். பொறுமை மட்டும் போதுமானது என்பதால் இதை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்.

மரபு தன் முழு அழகோடு விளங்கிய நாள் 2024 மார்ச் 29. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலரான ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட், தம் டெபியன் கணினியில் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு முறை வழியே நுழைவது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். 0.3 நொடியில் முடிந்த வேலைக்கு 0.8 நொடி ஆனது. வேறு யாராக இருந்தாலும் கடந்து போயிருப்பார்கள். அவர் தொடர்ந்து சென்று, எக்ஸ்இசட் என்னும் சுருக்குநிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு மறைத்துவைத்த கள்ளவழியைக் கண்டார். டெபியன் பாதுகாப்புக் குழு உள்ளிட்டோருக்கு முதலில் தனியாகத் தெரிவித்துவிட்டு, பிறகு பொதுவில் எழுதினார். அந்த அறிக்கையில் என்னைக் கவர்வது கண்டுபிடிப்பின் பெருமை மட்டுமன்று. தாம் பாதுகாப்பு ஆய்வாளர் அல்லர், அதில் ஆராயாமல் விட்டது நிறைய உண்டு, சொல்வதில் பெரும்பகுதி அவதானிப்பிலிருந்து வந்ததே என்று அவர் அதிலேயே எழுதினார். அளந்தது ஒருபுறம், ஊகித்தது ஒருபுறம். உலகின் எத்தனையோ வழங்கிகளைக் காத்த அறிக்கையின் முதுகெலும்பு அந்தப் பிரிவினைதான்.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

வடிவம் அவதானிப்புக்கு ஈடாகாது என்பதைக் கடந்த சில ஆண்டுகள் கொடூரமாகக் காட்டிவிட்டன. கர்ல் என்ற தரவுப் பரிமாற்ற நிரல் கோடிக்கணக்கான கருவிகளில் இருக்கிறது. அதைப் பராமரிக்கும் சுவீடன் நாட்டு நிரலர் டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் போலிப் பாதுகாப்பு அறிக்கைகளைப் பற்றி 2024 தொடக்கத்திலிருந்தே பொதுவெளியில் முறையிட்டுவந்தார். அந்த அறிக்கைகளில் தலைப்பு உண்டு, படிகள் உண்டு, விளைவு உண்டு, கண்ணியமான நடையும் உண்டு. வழு மட்டும் இல்லை. இல்லாத செயற்கூறுகளைப் பற்றிக்கூட அவற்றில் விரிவாக எழுதியிருக்கும். ஒவ்வொன்றையும் பொய்யென்று நிறுவ உண்மையான மனிதர்கள் உண்மையான மணிநேரங்களைச் செலவிட வேண்டியிருந்தது. கடைசியில் வழுக்களுக்குப் பரிசுப் பணம் தரும் திட்டத்தையே 2026 ஜனவரி முடிவோடு கர்ல் நிறுத்தியது. கருவியின் மீது மட்டும் பழிபோட முடியாது. 2025-இல் இன்னொருவர் அத்தகைய கருவிகளைக் கொண்டே தேடிப் பல மெய்யான வழுக்களைக் கர்ல் திட்டத்துக்குத் தெரிவித்தார், அவை திருத்தவும்பட்டன. ஓட்டிப் பார்த்துச் சரிபார்த்து அனுப்பியவருக்கும் பார்க்காமலே அனுப்பியவர்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் படிவத்தால் பிரித்தறிய முடியவில்லை. மோசமான அறிக்கைகளை வடிகட்ட வந்த படிவம், பொய்யானவற்றுக்கு நுழைவுச்சீட்டாகிவிட்டது.

இரண்டாவது குறை நம்மை நேராகத் தொடுவது. ‘என்ன நடந்திருக்க வேண்டும்’ என்ற கட்டம் பெரும்பாலான படிவங்களில் உண்டு. அதற்கான பதில் படிப்பவருக்கும் தெரிந்ததே என்ற எண்ணத்தில்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ் எழுத்து உடையும்போது அந்த எண்ணம் பொய்த்துப்போகிறது. தமிழ் அறியாத பராமரிப்பாளருக்கு உடைந்த ‘கொ’வும் உடையாத ‘கொ’வும் ஒன்றுபோலவே கோடுகள். ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று எழுதி ஸ்கிரீன்ஷாட் ஒன்றை இணைத்தால், அவர் அதைப் பார்த்து எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருப்பார். சரியான வடிவத்தின் படத்தையும் பிழையான வடிவத்தின் படத்தையும் அருகருகே வைத்து, வேறுபடும் இடத்தை வட்டமிட வேண்டும். படம் மட்டும் போதாது, உரையையும் ஒட்ட வேண்டும். உரை மட்டும் ஒட்டினாலும் போதாது, ஏனெனில் அவருடைய எழுத்துரு அதை வேறுவிதமாகக் காட்டும்.

இதற்குக் கீழே இன்னொரு படலம் இருக்கிறது. ‘கொ’ என்பதை யூனிகோடில் ககரத்தோடு ஒரே ஒகர உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். யூனிகோடு தரம் இரண்டையும் சமமென்றே கொள்கிறது. திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் இரண்டையும் இயல்பாக்கி ஒப்பிடாத மென்பொருளில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. இது மென்பொருளின் வழு, தயங்காமல் பதியலாம். ‘கௌ’ தேடி ‘கெள’ அகப்படாமல் போனால் கதை வேறு. யாரோ ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டியிருக்கிறார், பிழை உரையில் இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய எழுத்துகளின் குறியெண்களைப் பார்க்க வேண்டும், அவற்றை அறிக்கையிலும் தர வேண்டும். எந்தப் பதிவேட்டில் பதிவது என்பதும் இப்படித்தான் தெளிவாகும். லிப்ரேஆபீஸ், பயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாம் எழுத்துகளைக் கோத்து வடிவமைக்க ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. லிப்ரேஆபீஸில் உடையும் சொல் அதே எழுத்துருவில் பயர்பாக்ஸிலும் உடைந்தால் குற்றம் எழுத்துருவிலோ ஹார்ஃப்பஸிலோ இருக்கக்கூடும். லிப்ரேஆபீஸில் மட்டும் உடைந்தால் அதன் பதிவேட்டுக்குப் போகலாம். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைப் பொதுப் படிவங்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. நாமே செய்து எழுத வேண்டும்.

மூன்றாவது குறை, முடித்துவைக்கும் அவசரம். சில காலம் யாரும் பேசாத அறிக்கைகளை மூடிவிடும் தானியங்கிகள், நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பெருகிவிட்டன. ஃபெடோரா இயங்குதளத்தின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஏறத்தாழ 13 மாதமே ஆயுள். அது முடிந்ததும் அந்த வெளியீட்டின் மீது பதிந்த வழுக்கள் மூடப்படுகின்றன, புதிய வெளியீட்டிலும் வழு இருந்தால் பயனர்தான் வந்து சொல்ல வேண்டும். பராமரிப்பாளரின் திணறல் எனக்குப் புரிகிறது. ஆயிரக்கணக்கில் திறந்து கிடக்கும் பட்டியல் மனத்தை அழுத்தும். ஆனாலும் இது தவறான தீர்வு. மௌனம் வழு தீர்ந்ததற்குச் சான்று ஆகாது. பயர்பாக்ஸில் வேறு மென்பொருளுக்குத் தாவிய பிறகும் சிறு விளக்கப் பெட்டி திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வழு 2002-இல் பதியப்பட்டு 2023-இல் திருத்தப்பட்டது. அறிக்கை திறந்தே இருந்ததால்தான் இருபதாண்டுக்குப் பிறகும் ஒருவர் கையில் அது கிடைத்தது. டெபியனின் முறை இங்கே மேலானது. ‘மேலும் விவரம் தேவை’, ‘நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை’ போன்ற குறிச்சொற்களை ஒட்டி, அறிக்கையைத் திறந்தே வைக்க அங்கே இடமிருக்கிறது. முயற்சி செய்து முடியவில்லை என்பது நேர்மையான கூற்று. அது எழுதியவரைத் துரத்துவதாகாது.

பயனருக்கு ஓர் எச்சரிக்கை. பதிவேடுகளில் பெரும்பாலானவை உலகமே படிக்கக்கூடியவை, டெபியனில் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் தெரியும். இணைக்கும் பதிவுக் கோப்புகளில் கடவுச்சொல்லோ அலுவலக ஆவணத்தின் பெயரோ கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதுகாப்பு ஓட்டை என்ற ஐயம் எழுந்தால் பொதுவில் எழுதாமல் திட்டத்தின் பாதுகாப்பு முகவரிக்கு அனுப்புங்கள்.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் மொழித் தடை இருக்கிறது. ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதத் தெரிந்தவரின் அறிக்கை எளிதில் கவனம் பெறுகிறது. தட்டுத்தடுமாறி எழுதுபவர் எழுதாமலே விட்டுவிடுகிறார். அதனால்தான் தமிழ்ப் பயனர் நாள்தோறும் சந்திக்கும் எத்தனையோ உடைசல்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் இல்லாத வழுவைத் திருத்த யாருக்கும் வழியில்லை. நிரலர்கள் நம்மைப் புறக்கணிக்கிறார்கள் என்று குறைபட்டுக்கொள்வதைவிட, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்ற அமைப்புகள் தமிழில் வரும் வழுக்களை வாங்கி, சோதித்து, உரிய இடத்தில் பதிந்து கொடுக்கும் வேலையைத் தம் கூடுகைகளில் சேர்த்துக்கொள்ளலாம். நிரல் எழுதத் தெரியாத மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளில் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை.

திட்டங்களிடம் கேட்பது ஒன்று. படிவத்தின் முதல் கட்டம் ‘நீங்கள் கண்டது என்ன’ என்றும், கடைசிக் கட்டம் ‘நீங்கள் நினைக்கும் காரணம் என்ன’ என்றும் இருக்கட்டும். இடையிலுள்ளவற்றைக் கருவிகள் நிரப்பட்டும். வாசகரிடம் கேட்பதும் ஒன்றுதான். அடுத்த முறை ஓர் எழுத்து உடைந்தால், ஒரு கோப்பு திறக்காவிட்டால், பதிவேட்டைத் தேடிப் பாருங்கள். அதே வழு அங்கே இருந்தால் உங்கள் பதிப்பையும் அனுபவத்தையும் அதில் சேருங்கள், இல்லையென்றால் தெரிந்த ஆங்கிலத்தில் புதிதாகப் பதியுங்கள். பதிந்த பிறகு வரும் முதல் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். நல்ல அறிக்கைகளும் பதில் வராமலே செத்துப்போகின்றன.