சரிவின் போக்கிலே ஒரு தோட்டம்

கோவை சரவணம்பட்டியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேறுகிறவர்கள் பெரும்பாலும் ஊட்டியை நினைத்துத்தான் கிளம்புகிறார்கள். துடியலூர் போய் மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்து, கல்லாறு தாண்டி, பர்லியாறில் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு ஏறும் வண்டிகளுக்குக் குன்னூர் வெறும் வழியூர். சிறு பிள்ளைகள் உடன் இருந்தால் அங்கேயே இறங்கிவிடுங்கள் என்பேன். பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிரே சிம்ஸ் பூங்கா இருக்கிறது. ஜே.டி. சிம் என்ற அரசுச் செயலரும் மேஜர் முர்ரேயும் 1874-இல் அமைத்தது. பரப்பு 12 ஹெக்டேர், அதாவது 30 ஏக்கர். பிஞ்சுக் கால்கள் களைத்துப்போகாத அளவு.

மலை இங்கே பள்ளமாக இறங்குகிறது. தோட்டம் போட்டவர்கள் அதை வெட்டிச் சமன் செய்யவில்லை. ஏற்கெனவே நின்ற மரங்களை நிற்கவிட்டு, வெளிநாட்டு மரங்களை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதனால் பாதை நேராகப் போகாமல், சரிவோடு வளைந்து வளைந்து அடியிலுள்ள குளத்தில் கொண்டுபோய் விடுகிறது. இந்த வளைவுகளே பூங்காவின் தலையாய நயம். திரும்பினால்தான் அடுத்தது தெரியும் என்பதால் பிள்ளைகள் தாமாகவே முன்னே நடக்கிறார்கள். மேலே நிற்கையில் கண்மட்டத்தில் கிளை அசைக்கிற மரத்தை, இறங்கியபின் வேரடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். சமதளத் தோட்டத்தில் ஒரு மரத்தை இப்படி உச்சியிலிருந்து அடிவரை பார்க்க வாய்ப்பதில்லை.

ருத்ராட்ச மரத்தடியில் அவசரம் கூடாது. கொட்டையை எல்லாரும் பார்த்திருப்பார்கள், பழத்தைப் பார்த்தவர் குறைவு. பழம் அப்படியொரு நீலம்.

"மாமா, இதுக்கு ஆரு பெயிண்டு அடிச்சாங்க?" என்றாள் அக்கா மகள்.

"ஆரும் அடிக்கலீங்க கண்ணு. மயில் கழுத்து எப்படி மின்னுதோ, அதே வித்தைதான்."

உண்மையிலேயே அதே வித்தைதான். அந்தத் தோலில் நீலச் சாயமே கிடையாது. தோலுக்குள் மிக மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியில் நீலம் மட்டும் ஓங்கி நிற்கிறது. 1991-இல் டேவிட் லீ என்ற தாவரவியலாளர் இதை விளக்கினார். மயிலிறகின் நீலமும் ஒளி செய்கிற வேலையே. கோவையின் ஓரங்களில் மயில் அகவக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு இதைப் புரியவைக்க வேறு பாடம் தேவையில்லை.

அடுத்தது குயின்ஸ்லாந்து கௌரி பைன். பேரில்தான் பைன், ஊசியிலை கிடையாது. இலை தட்டையாக, அகலமாக இருக்கிறது. உதிர்ந்த இலையொன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து நடுநரம்பைத் தேடச் சொல்லுங்கள். அகப்படாது. நரம்புகள் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி, இணையாக ஓடுகின்றன. டைனோசர் நடமாடிய காலத்திலேயே இருந்த குடும்பம் இது என்று சொன்னதும் அந்த இலை பத்திரமாகச் சட்டைப்பைக்குள் போய்விடும்.

மரப்பெரணியின் தொங்கும் இலைக்கடியில் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தும் அது பூக்காது, விதை விடாது. இலைக்கு அடியில் வரிசை பிடித்த பழுப்புப் பொட்டுகளில் பொடிப்பொடியாக ஸ்போர்கள். பெரியவர்கள் மேலாகப் பார்த்துக் கடந்துவிடுவார்கள். அந்தப் பொட்டுகளை முதலில் கண்டுபிடிப்பது, இலைக்குக் கீழே நிற்கும் உயரமுள்ள குழந்தைதான்.

மே மாதப் பழக் கண்காட்சியில் பழங்களால் அடுக்கிய உருவங்களைப் பிள்ளைகள் விரும்பித்தான் பார்ப்பார்கள். கூட்டமும் நெரியும். மரங்களைப் பார்க்க வேண்டுமானால் ஒரு சாதாரண நாளில் போங்கள். குளத்துப் படகைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். நாம் தாண்டிப் போகிற இடத்தில் அவர்கள் நிற்பார்கள். பெரும்பாலும் அங்கேதான் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும்.