பல்லாயிரம் பேருக்கு வேலை – எத்தனை நாளைக்கு?

தூய மின்சாரத்துக்காக வாதாடுவோர் நம் மாநிலத்தில் இன்று பலர் உள்ளனர். அரசின் கொள்கை அறிக்கைகள், முதலீட்டு மாநாடுகள், சுற்றுச்சூழல் அமைப்புகளின் துண்டு வெளியீடுகள் ஆகிய எல்லாவற்றிலும் இரண்டு வாதங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் மின்சாரம் எடுத்தால் புகையும் கரியமில வாயுவும் குறையும் என்பது ஒன்று. அதனால் பல்லாயிரம் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும் என்பது மற்றொன்று. முதல் வாதத்தில் நமக்கு ஐயமில்லை. இரண்டாவது வாதம் சொல்லப்படும் முறையையே இக்கட்டுரையில் ஆராய்வோம். ஐ.டி.ஐ.யில் எந்தப் பிரிவில் சேர்வது என்று எண்ணிக்கொண்டிருக்கும் மாணவருக்கு இது வெறும் ஏட்டு ஆராய்ச்சி அன்று. அவருடைய பிழைப்பைப் பற்றியது.

கமுதி சொல்லும் கணக்கு

இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதியில் 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் அமைந்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில் 25 இலட்சம் சூரியத் தகடுகள் பதிக்கப்பட்டன. சுமார் 8,500 பேர் உழைத்து 8 மாதங்களில் இதைக் கட்டி முடித்தார்கள். பாராட்டத்தக்க சாதனைதான். ஆனால் “8,500 பேருக்கு வேலை” என்று மட்டும் சொன்னால் செய்தி முழுமை பெறுமா?

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 8,500 பேரும் 8 மாதங்களும் ஒரு நாள்கூட விடாமல் வேலை செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 8,500ஐ 8ஆல் பெருக்கினால் 68,000 ஆள்-மாதங்கள். அதை 12ஆல் வகுத்தால் சுமார் 5,667 ஆள்-ஆண்டுகள். ஓர் ஆள் ஓராண்டு முழுவதும் செய்யும் வேலையே ஓர் ஆள்-ஆண்டு. சூரியத் தகடுகளின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். எனவே 5,667ஐ 25ஆல் வகுத்தால் 227 வருகிறது. அதாவது, 8,500 என்று கேட்கும்போது மலைப்பூட்டும் அந்த வேலை முழுவதும், 227 பேர் நிலையத்தின் ஆயுட்காலம் முழுதும் செய்யும் வேலைக்கே சமம். இதுவும் உச்ச அளவு. உண்மை இதனினும் குறைவாகவே இருக்கும்.

கட்டுமானம் முடிந்த பின் நிலைமை என்ன? தகடுகளின் மேல் தூசி படிந்தால் மின் உற்பத்தி குறையும். எனவே அவற்றை அடிக்கடி துடைக்க வேண்டும். கமுதியில் இப்பணியை, தமக்குத் தேவையான மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்தே பெறும் தானியங்கி எந்திரங்கள் செய்கின்றன. வறண்ட மாவட்டத்தில் தண்ணீரை மிச்சப்படுத்துவதால் இது நல்ல பொறியியலே. ஆயினும் சுற்றுவட்டார ஊர்மக்களுக்குத் தொடர்ந்து கிடைத்திருக்கக்கூடிய ஒரு வேலை அங்கே இல்லாமற்போயிற்று என்பதையும் மறைக்கலாகாது.

இங்கே நாம் காணும் பிழை அலகுப் பிழை. கிலோமீட்டரையும் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதையும் ஒன்றாகக் கருதும் மாணவருக்கு ஆசிரியர் மதிப்பெண் தருவதில்லை. ஆட்களின் எண்ணிக்கையையும் ஆள்-ஆண்டையும் ஒன்றாகக் கருதும் அறிக்கைக்கு மட்டும் நாம் கைதட்டுவது ஏன்?

எந்த மின்சாரத்தில் எவ்வளவு வேலை?

சி.இ.இ.டபிள்யூ. என்னும் டில்லி ஆய்வு நிறுவனம் வேறு அமைப்புகளுடன் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரு மெகாவாட்டுக்குத் தேவைப்படும் வேலை, காற்றாலைக்கு 1.27 ஆள்-ஆண்டு, தரையில் அமைக்கும் பெரிய சூரிய நிலையத்துக்கு 3.45, கூரை மேல் அமைக்கும் சூரியத் தகடுகளுக்கு 24.72. கூரைக்கும் தரைக்கும் ஏறத்தாழ ஏழு மடங்கு வேறுபாடு!

காரணம் எளிது. வீட்டுக்கு 3 கிலோவாட் வீதம் வைத்தால் ஒரு மெகாவாட்டுக்கு 333 வீடுகள் வேண்டும். ஒவ்வொரு கூரையும் ஒவ்வொரு விதம். தனித்தனியே அளந்து, சட்டம் பொருத்தி, கம்பி இழுத்து, மீட்டர் மாட்ட வேண்டும். பழுது வந்தால் அதே ஊர் எலெக்ட்ரீஷியன்தான் மீண்டும் வர வேண்டும்.

நம் மாநிலத்தின் கொள்கைகள் இதை அறியாதவை அல்ல. 2012ஆம் ஆண்டு சூரிய சக்திக் கொள்கை, 2015க்குள் 3,000 மெகாவாட் என்று குறி வைத்தது. அதில் மூன்றில் ஒரு பங்குகூட அப்போது எட்டப்படவில்லை. 2019ஆம் ஆண்டுக் கொள்கை 2023க்குள் 9,000 மெகாவாட் என்றது. அதில் 40 விழுக்காடு, அதாவது 3,600 மெகாவாட், மின் நுகர்வோரின் சொந்த இடங்களில் அமைய வேண்டும் என்றும் கூறியது. ஆனால் கூரைச் சூரிய மின்சாரம் அதில் கால் பங்கையும் எட்டாமலே அந்தக் கெடு கடந்தது. வேலை மிகுதியாகத் தரும் பிரிவே மிகவும் பின்தங்கி நின்றது.

ஏன்? வீடுகளுக்கு ஓரளவு மின்சாரம் இலவசம். குறைவாக மின்சாரம் செலவிடும் குடும்பத்துக்குக் கூரைத் தகட்டால் மிச்சம் அதிகமில்லை. மிகுதியாகச் செலவிட்டு மிகுதியாகக் கட்டணம் செலுத்துவோர் கூரைக்கு மாறினாலோ மின் வாரியத்தின் வருவாய் குறைகிறது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் இலக்கை மட்டும் உயர்த்திக்கொண்டே போவதில் பயனில்லை.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு ஆட்கள் மிகுதியாக வேண்டும் என்றால் கூலிச் செலவும் மிகுதி. பெரிய நிலையங்களின் மின்சாரம் மலிவாக இருப்பதற்கு ஆள் குறைவும் ஒரு காரணம். ஆனால் கூரைக்குத் தனி நிலம் வேண்டாம்; உற்பத்தியான இடத்திலேயே செலவாவதால் நெடுந்தொலைவு கம்பிகளில் ஏற்படும் இழப்பும் குறையும். மலிவும் வேலையும் ஒரே இடத்தில் முழுமையாகக் கிடைக்கும் என்று சொல்வதுதான் தவறு.

இலினாய்சின் பாடம்

இதே சிக்கலை அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலமும் சந்தித்தது. அங்கே 2016இல் இயற்றப்பட்ட சட்டத்தால் சூரிய மின் வேலைகள் பெருகின. ஆனால் 2020 இறுதிக்குள் கூரைத் திட்டங்களுக்கான நிதி தீர்ந்துபோய், விண்ணப்பங்கள் காத்திருப்புப் பட்டியலில் நின்றன. தகடு பொருத்தும் தொழிலாளர்கள் வேலை இழந்தனர். அதன் பின் இயக்கத்தினர் இலக்கை மட்டும் கேட்கவில்லை. 2021 செப்டம்பரில் நிறைவேறிய புதிய சட்டத்தில், 2030க்குள் 40 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற குறியுடன், தொடர்ந்த நிதியும், பின்தங்கிய பகுதி இளைஞர்களுக்கான பயிற்சி மையங்களும் இடம்பெற்றன. சட்டம் வந்ததும் எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. எனினும் வேலை எங்கே, யாருக்கு, எந்த நிதியில் என்பதைச் சட்டத்திலேயே எழுதச் சொன்னது அங்குள்ள இயக்கத்தின் முதிர்ச்சி.

நம்மிடம் இதற்கு வாய்ப்பு குறைவன்று. தூத்துக்குடியில் 1986இல் தொடங்கிய காற்றாலை முயற்சி இன்று மாநிலத்தில் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2024 ஜனவரியில் பிள்ளைப்பாக்கத்தில் திறக்கப்பட்ட பர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை, ஆண்டுக்கு 3,300 மெகாவாட் அளவுக்குத் தகடுகள் செய்யும் திறனுடன் சுமார் 1,000 பேருக்கு நேரடி வேலை என்று அறிவித்தது. கமுதியின் 8,500க்கு முன்னால் 1,000 சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இது ஆலை ஓடும் காலமெல்லாம் நீடிக்கும் வேலை.

எனவே, மாணவர்களே, அடுத்த முறை “இத்தனை ஆயிரம் வேலைகள்” என்னும் செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை மாதங்களுக்கு? கட்டும் வேலையா, காக்கும் வேலையா? எந்த ஊரில்? அதற்கான பயிற்சி யார் தருவார்? தூய மின்சாரத்துக்கு ஊதிப் பெருக்கிய எண்களின் துணை தேவையில்லை. வேலையைச் சொல்லித்தான் ஆதரவு திரட்ட வேண்டுமென்றால், முதலில் நம் ஊர்க் கூரைகளுக்காக வாதாடுவோம்.